முட்டி வலி என்று எட்டு மாதம் அலைந்தோம், இப்போது இடுப்பு மூட்டு என்கிறார்கள். 36 வயதில் மாற்றலாமா?

சந்தூர் மருமகள்:

வணக்கம். எங்கள் ஊர் போச்சம்பள்ளி பக்கம் சந்தூர். என் கணவருக்கு மாங்கன்று ஒட்டுக் கட்டும் தொழில். காலையில் குந்தி உட்கார்ந்தால் நாட்டுக்கன்றுப் பையை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் நிறுத்தி, கத்தியால் சீவி, ஒட்டுக்குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றி முடித்து அடுத்த பையை இழுப்பார். மதியச் சோற்றுக்குத்தான் எழுவார்.

தை மாதத்தில் இடது முட்டியில் வலி தொடங்கியது. ஒரு மருத்துவமனையில் முட்டியைப் படம் எடுத்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் முட்டியிலேயே இரண்டு ஊசி போட்டார்கள். நடை கோணிப் போன பிறகும் இடுப்பை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் என் மனம் ஆறவில்லை.

போன வாரம் வேறொரு எலும்பு மருத்துவரிடம் போனோம். இவரை மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். இவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டார். வலித்த இடம் தொடை இடுக்கு! இடுப்புக்கும் முட்டிக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால், இடுப்பில் உள்ள நோய் முட்டியில் வலியாகத் தெரியும் என்றார். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துக்கொண்டிருக்கிறதாம். எக்ஸ்ரேயில் இடது பக்கத் தலை தட்டையாகிவிட்டது. வலது பக்கம் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியவில்லை, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது. மூச்சிரைப்புக்காக இவர் பல வருடம் கடையில் தானாகவே வாங்கி விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரை காரணமாக இருக்கலாம் என்கிறார்.

இடது பக்கம் மூட்டு மாற்று, வலது பக்கம் எலும்பில் துளையிட்டு உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பது என்று சொல்லியிருக்கிறார். இந்த வயதில் மாற்றினால் எத்தனை வருடம் தாங்கும்? மறுபடி குந்தி உட்கார முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோடு தக்காளி மண்டி:

தங்கை, எனக்கும் இதே நோய்தான். 2016-இல், 39 வயதில் வலது இடுப்பை மாற்றினேன். அதற்கு முன் இரண்டு வருடம் எண்ணெய் தேய்த்தேன், கட்டுப் போட்டேன். அந்த இரண்டு வருடத்தில்தான் எலும்பின் தலை நொறுங்கியது. தட்டையான தலை எந்தத் தைலத்துக்கும் உருண்டையாகாது. ஆகவே இடது பக்கத்துக்கு யார் என்ன சொன்னாலும் நாளைக் கடத்தாதீர்கள்.

மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார்கள். அறுவை வலி இருந்தது. ஆனால் இரவில் தூங்கவிடாத அந்தப் பழைய குடைச்சல் இல்லை. நான் அழுதுவிட்டேன்.

குந்தி உட்காருவதை மறந்துவிடுங்கள். தாழ்வான நாற்காலி, தரையில் சம்மணம், கால் மேல் கால் போடுவது எல்லாம் மூட்டைக் கிண்ணத்திலிருந்து நழுவ வைத்துவிடும். தூங்கும்போது கால்களுக்கு நடுவில் தலையணை. வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை இல்லையென்றால் அறுவைக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள், வந்த பிறகு அல்ல. தொழிலை விடத் தேவையில்லை, உயரமான மேசையில் பையை வைத்துக் கட்டலாமே.

பல்லில் சொத்தை, உடம்பில் புண் இருந்தால் முதலில் சரிசெய்யுங்கள். கிருமி புது மூட்டில் ஏறினால் பெரும்பாடு. பொருத்திய மூட்டின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, கோப்பில் ஒட்டி வையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், அறுவைக்கு முன்பே அனுமதி வாங்கித் தருவார்களா என்று மருத்துவமனையில் கேளுங்கள்.

இயன்முறை, தருமபுரி:

சகோதரி, எத்தனை வருடம் என்று கேட்டிருந்தீர்கள். 2019-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வின்படி, இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் சுமார் 58 சதவீதத்தினருக்கு அந்த மூட்டு 25 ஆண்டுகள் நிலைத்திருந்தது. அதில் பெரும்பாலோர் முதியவர்கள். உங்கள் கணவர் அதிகம் நடப்பார், உழைப்பார்; வாழ்நாளில் ஒருமுறை மறு அறுவை வரலாம் என்று மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள்.

எனக்கு உங்கள் வலது பக்கத்தைப் பற்றித்தான் அதிகக் கவலை. எலும்பின் தலை நொறுங்காமல் இருக்கும்போதுதான் துளையிடுவது பயன் தரும். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் சொந்த மூட்டைக் காப்பாற்ற அது ஒரு வாய்ப்பு. அதன் பிறகு பொதுவாகச் சில வாரங்கள் அந்தக் காலில் முழுப் பாரம் போடக்கூடாது. இரண்டையும் ஒன்றாகச் செய்வார்களா, எந்தக் காலில் எப்போது பாரம் போடலாம் என்பதை எழுதி வாங்குங்கள். மூச்சிரைப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். புகை, மது இருந்தால் இன்றோடு முடியட்டும்.

இன்னொன்று, இதைப் படிக்கும் மலைக் கிராமத்தினருக்கு: அரிவாள் செல் ரத்தசோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) உள்ளவர்களுக்கும் இளம் வயதிலேயே இந்த நோய் வரும். இடுப்பு வலி என்று பிள்ளை சொன்னால் ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள்.

சந்தூர் மருமகள்:

அண்ணனுக்கும் ஐயாவுக்கும் நன்றி. இரண்டு பக்கமும் ஒரே நாளில் செய்வதாக மருத்துவர் சொல்லிவிட்டார். மாத்திரையின் அளவையும் அவரே குறைத்து எழுதிக் கொடுத்தார். குந்த முடியாது என்றதும் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் உயரமான ஸ்டூலில் உட்கார வைத்து, முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று நான் டேப்பால் அளந்தேன். அந்த உயரத்துக்குத் தச்சரிடம் மேசை சொல்லியிருக்கிறோம். ஒரு கன்றை மடியில் வைத்துக் கட்டிப் பார்த்தார், நாடா நன்றாகவே இறுகியது.