ஆப்ஷனைத் தப்பான இடத்தில் வைத்து மாட்டிய கதை: உங்களுக்கும் உண்டா?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சித்தப்பா கமிஷன் கடை வைத்திருக்கிறார். கணக்குக்கு நான்தான் பைத்தானில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். முதலில் எல்லா ஆப்ஷனும் (கமாண்டோடு சேர்த்து அடிக்கும் கிலோ, நாள் மாதிரி விவரங்கள்) ஒரே குவியல். கடைப் பையன் பாக்கி பார்க்கும்போதும் கிலோவைச் சேர்த்து அடிப்பான், அதுவும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும். சரி என்று ஆர்க்பார்ஸில் (அடித்ததைப் பிரித்துப் படிக்கும் பைத்தான் மாட்யூல்) சப்பார்சர், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பிரிவு, போட்டு வரவு, விற்பனை, பாக்கி எனப் பிரித்தேன். இப்போது பாக்கியில் கிலோ அடித்தால் அங்கேயே திட்டி அனுப்பிவிடும்.

வினை வந்தது நாள் ஆப்ஷனால். எங்கே அடித்தாலும் எடுத்துக்கொள்ளட்டுமே என்ற பேராசையில் அதை எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மெயின் பார்சரிலும் வைத்தேன், சப்பார்சர்களிலும் வைத்தேன், டீஃபால்ட் (ஒன்றும் அடிக்காவிட்டால் எடுத்துக்கொள்வது) இன்றைய தேதி. முகூர்த்தத்தன்று கடையில் நிற்க நேரமில்லை, சீட்டையெல்லாம் பையன் மறுநாள்தான் ஏற்றினான், நேற்றைய தேதியை 'வரவு' என்ற சொல்லுக்கு முன்னால் அடித்து. மெயின் பார்சர் ஒழுங்காக வாங்கியது; பின்னால் வந்த சப்பார்சர் தன் டீஃபால்ட்டை அதன்மேல் எழுதிவிட்டது. எர்ரர் கிடையாது, ஒன்றும் கிடையாது; வரவெல்லாம் மறுநாள் தேதியில் ஏறிவிட்டது. மல்லிகை விலை முகூர்த்தத்துக்கு ஏறி மறுநாள் பொத்தென்று விழுவது நம்ம ஊரில் யாருக்குத் தெரியாது? நிலக்கோட்டைக்காரர் ஒருவர் பணம் வாங்க வந்து, "முகூர்த்தத்துப் பூவுக்கு மறுநா வெலையப் போட்டிருக்கீகளே" என்று கேட்ட பிறகுதான் தேடினேன். சப்பார்சர்களில் மட்டும் டீஃபால்ட்டை சப்ரஸ் (அடிக்காவிட்டால் எதையும் எழுதாதே) என்று மாற்றியதும் அடங்கியது.

அண்ணே, எனக்கு வேறு மாதிரி வேட்டு. இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலை பார்த்தபோது ஒரு புரோகிராம் எழுதினேன். சப்கமாண்டே (உங்கள் 'வரவு' மாதிரி வேலையைச் சொல்லும் சொல்) கொடுக்காமல் ஓட்டினால் பைத்தான் 3 முதலில் கண்டுகொள்ளாது, அப்புறம் எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஆட்ரிபியூட் எர்ரரில் போய் விழும். ரெக்வயர்டு ட்ரூ (கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம்) போட்டேன், என் லேப்டாப்பில் ஜோராக ஓடியது. கிளையன்ட் சர்வரில் பைத்தான் 3.6, சப்பார்சர்களைச் சேர்க்கும் ஆட்_சப்பார்சர்ஸில் அந்தச் சொல்லை 3.7இல்தான் சேர்த்தார்கள். கடைசியில் அடுத்த வரியில் தனியாக அதை ட்ரூ ஆக்கித் தப்பித்தேன். கூடவே டெஸ்ட் (பரீட்சை இல்லை, டெஸ்டினேஷனின் சுருக்கம்; அடித்த சப்கமாண்டைப் போட்டுவைக்கும் பெயர்) கொடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பழைய வெர்ஷன் எர்ரர் செய்தியைக் காட்டப் போய் அதிலேயே தடுக்கி விழும். ஆமா, சித்தப்பா என்ன சொன்னார்?

ஒன்றும் சொல்லவில்லை தம்பி. வித்தியாசப் பணத்தை எண்ணிக் கொடுத்தார், மறுநாளிலிருந்து நோட்டிலும் எழுத ஆரம்பித்துவிட்டார்.