சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருளான ஜாபிக்ஸ் 7.0 நிறுவும்போது எங்கே இடறும்?

சர்வர்சாமி
உபுண்டு லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸ் கூட்டணியில் பலர் மாட்டிக்கொள்வது ஸ்கீமா இம்போர்ட்டில்தான், அதாவது ஜாபிக்ஸுக்கு வேண்டிய டேபிள்களை டேட்டாபேஸில் ஏற்றும் கட்டத்தில். மைஎஸ்க்யூஎல் 8-இல் பைனரி லாக் (டேட்டா மாற்றங்களைப் பதியும் குறிப்பேடு) தானாகவே இயங்கும். ஜாபிக்ஸ் டேட்டாபேஸிலோ ட்ரிகர்கள் (டேபிள் மாறும்போது தானே ஓடும் சிறு நிரல்கள்) உண்டு. அதனால் ‘log_bin_trust_function_creators’ அமைப்பை ரூட் யூசராக 1 ஆக்காமல் இம்போர்ட் செய்தால், பிழை 1419 காட்டிப் பாதியில் நின்றுவிடும். முடிந்ததும் மறுபடி 0 ஆக்கிவிடுங்கள்.

இம்போர்ட் ஓடும்போது சில நிமிடம் திரையில் ஒன்றுமே வராது. தொங்கிவிட்டது என்று கன்ட்ரோல்-சி அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டால் அடுத்த முயற்சியில் ‘டேபிள் ஏற்கெனவே உள்ளது’ என்று 1050 வரும். டேட்டாபேஸை அழித்து, utf8mb4_bin கொலேஷனோடு (எழுத்துகளை ஒப்பிடும் விதி) புதிதாக உருவாக்குவதுதான் வழி.

சர்வர் கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டுக்கு மேற்கோள்குறி போடக் கூடாது. குறியும் பாஸ்வேர்டில் சேர்ந்துவிடும். முதல் லாகின் ஆகவில்லை என்று புலம்புபவர்களுக்கு: யூசர் பெயர் ‘Admin’ என்பதில் முதல் எழுத்து மட்டும் பெரியது, பாஸ்வேர்டு ‘zabbix’ முழுக்கச் சின்ன எழுத்து.

ராக்கிவாசி
ராக்கி லினக்ஸில் வேறு கூத்து. ஈபெல் (EPEL) என்ற கூடுதல் மென்பொருள் களஞ்சியத்திலும் ஜாபிக்ஸ் பேக்கேஜ்கள் இருப்பதால் பதிப்புகள் கலந்துவிடும். ஈபெல் ரெப்போ ஃபைலில் ஜாபிக்ஸை விலக்கிவிட்டுத் தொடங்குங்கள். சர்வீஸ் ஓடிக்கொண்டே இருக்கும், வெப் பக்கமோ ‘சர்வர் இயங்கவில்லை’ என்னும். காரணம், லினக்ஸின் பாதுகாப்புக் காவலான எஸ்இலினக்ஸ், வெப் சர்வரான அப்பாச்சியை ஜாபிக்ஸ் சர்வரின் 10051 போர்ட்டுக்குப் போக விடுவதில்லை. அதற்கென்றே ஒரு பூலியன் (ஆன்/ஆஃப் அமைப்பு) இருக்கிறது, அதை நிரந்தரமாக ஆன் செய்தால் போதும். எஸ்இலினக்ஸையே அணைப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

போர்ட்10050
சாமி அண்ணா, ஏஜென்ட் (கண்காணிக்கப்படும் கணினியில் ஓடும் ஜாபிக்ஸின் சிறு நிரல்) பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். பாஸிவ் செக் என்றால் தகவல் கேட்டு சர்வர் ஏஜென்ட்டின் 10050 போர்ட்டுக்கு வரும். ஆக்டிவ் என்றால் ஏஜென்ட்டே சர்வரின் 10051-க்குப் போகும். ஃபயர்வாலில் திசையை மாற்றித் திறப்பவர்கள் ஏராளம்.

ஆக்டிவ் செக்கில் ஏஜென்ட் ஃபைலின் ஹோஸ்ட்நேமும் வெப் பக்கத்தில் கொடுத்த பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கணும், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. நடுவில் NAT (ஐபி முகவரியை மாற்றி அனுப்பும் நெட்வொர்க் வசதி) இருந்தால், பாஸிவ் செக்கில் ஏஜென்ட்டுக்குத் தெரிவது அந்த NAT-இன் ஐபி. அனுமதிப் பட்டியலில் அது இல்லையேல் லாகில் ‘ரிஜெக்டட்’ என்று வரும். சர்வரிலிருந்து zabbix_get கருவியால் ‘agent.ping’ கேளுங்கள். 1 வந்தால் பாதை சரி.

வட்டுக்கணக்கு
டிஸ்க்கை யாரும் சொல்லவில்லையே! 3,000 ஐட்டம் (கண்காணிக்கும் அளவீடு), 60 விநாடிக்கு ஒருமுறை என்றால் விநாடிக்கு 50 மதிப்புகள். ஒன்றுக்குச் சுமார் 90 பைட், 30 நாள் வைத்திருந்தால் ஹிஸ்டரிக்கு மட்டும் 11 ஜிபி வரும். டிஸ்க் அளவு போன்ற மெதுவாக மாறுவதை 5 நிமிட இடைவெளிக்குத் தள்ளினாலே அந்த ஐட்டங்களின் பங்கு ஐந்தில் ஒன்றாகும்.

பழைய டேட்டாவை அழிக்கும் ஹவுஸ்கீப்பர் 75 சதவீதத்துக்கு மேல் பிஸி என்று அலர்ட் வந்தால், பழைய வரிகளை அழித்து அது திணறுகிறது என்று பொருள். அழித்தாலும் மைஎஸ்க்யூஎல் டேட்டாவை வைக்கும் இன்னோடிபி ஃபைல் தானாகச் சுருங்காது. நிறைய ஹோஸ்ட் வரப்போகிறது என்றால் முதல் நாளே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையும், டேட்டாவைக் காலவாரியாகத் துண்டு போடும் அதன் நீட்சியான டைம்ஸ்கேல்டிபியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய துண்டுகள் முழுசாகக் கழன்றுவிடும். ஓடும் மைஎஸ்க்யூஎல்லைப் பிறகு மாற்றுவது பெரிய பாடு.