டூராமேக்ஸ் பிக்கப்: 4ஹையில் டிராக் ஓட்ட முன்பக்கம் தாங்குமா?

மண்ரோடு:
2006 செவ்ரலே சில்வராடோ 2500எச்டி பிக்கப், எல்பிஇசட் (டூராமேக்ஸ் டீசலில் ஒரு வகை) இன்ஜின், ஆலிசன் 6 கியர் ஆட்டோமேட்டிக். டியூன் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்) இன்னும் கம்பெனியுடையதுதான். கால் மைல் டிராக்கில் 4ஹை (நாலு சக்கர இழுவை, வேக ரேஞ்ச்) போட்டு, பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஏற்றிக் கிளப்பப் போகிறேன். டை ராடு (முன் சக்கரத்தைத் திருப்பும் தண்டு) மேல் ஸ்லீவ் மட்டும் போட்டால் போதுமா?

ஸ்பானர்செட்:
போதாது, ஆனால் தொடங்க வேண்டிய இடம் அதுதான். கணக்குப் பாருங்க: 650 பவுண்டு-அடி டார்க், முதல் கியர் 3.10, ஆக்ஸில் 3.73. பெருக்கினால் சுமார் 7,500 பவுண்டு-அடி. டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது) கூட்டித் தருவது தனி. இதில் பாதி முன்னால் போனாலே ரெண்டு சக்கரமும் மூக்கை உள்ளே திருப்பப் பார்க்கும். அந்த அழுத்தத்தில் உள் டை ராடின் ஒல்லித் தண்டு வில்லாக வளையும். ஸ்லீவ் என்பது அதன் மேல் ஏறுகிற தடித்த எஃகுக் குழாய், வளைய விடாது.

ஆனால் அந்தச் சுமை எங்கே போகும்? ரெண்டு டை ராடையும் இணைக்கிற நடுத்தண்டான சென்டர் லிங்குக்கு. அதன் இரு முனைகளையும் தாங்கும் பிட்மேன் (ஸ்டியரிங் பாக்ஸ் பக்கம்), ஐட்லர் (எதிர்ப்பக்கம்) கைகளின் மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் லிங்க் இருந்த இடத்திலேயே புரண்டு டோவை (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் அளவை) மாற்றிவிடும். ரெண்டு பக்கத்துக்கும் சப்போர்ட் கிட் போடுங்க. அதுக்கு முன்னால், பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இன்ஜின் ஓடும்போது ஒருவரை ஸ்டியரிங்கை லேசாக ஆட்டச் சொல்லிக் கீழே பாருங்க. ஐட்லர் முனை பக்கவாட்டில் போகலாம். மேலும் கீழும் எழும்பினால் அதை மாற்றாமல் கிட் போடுவது வீண்.

எல்லாம் முடிந்த பிறகே அலைன்மென்ட். நிற்கும்போது 1/16 அங்குலம் டோ-அவுட் (சக்கர மூக்கு வெளியே பார்க்க) வைத்தால் இழுவையில் நேராகும்.

கிரவுன்பினியன்:
உயரத்தை விட்டுட்டீங்க. அழகுக்காக டார்ஷன் பாரை (முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக இருக்கிற முறுக்குத் தண்டு) முறுக்கி முன்பக்கம் தூக்கியிருந்தால் முதலில் இறக்குங்க. கிளம்பும்போது மூக்கு எழும்பும், சிவி ஜாயின்ட் (முன் சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் தண்டின் மூட்டு) கோணமும் டை ராடு கோணமும் கூடும். உடைவது அந்த நொடியில்தான். கீழ்க் கன்ட்ரோல் ஆர்மிலிருந்து சேஸிஸுக்கு லிமிட் ஸ்ட்ராப் (சஸ்பென்ஷன் அதிகம் தொங்காமல் பிடிக்கும் பட்டை) கட்டி, எழும்பலை ஒரு அங்குலத்துக்குள் நிறுத்துங்க. ரோட்டுக்கு வரும்போது கழற்றிடணும், குழியில் சக்கரம் இறங்காது.

முன் டிஃபரன்ஷியல் கூடு அலுமினியம். சுமை ஏற ஏற உள்ளே இருக்கிற சின்ன பல்சக்கரம் (பினியன்) பெரிய பல்சக்கரத்தை (கிரவுன்) விட்டு விலகித் தள்ளும், கூடு விரியும். பவர் கூட்டுமுன் அதுக்கு பிரேஸ் வேணும். ஸ்டியரிங் திரும்பியிருக்கும்போது மட்டும் கிளப்பவே கிளப்பாதீங்க.

ஆயில்கேன்:
டிரான்ஸ்ஃபர் கேஸையும் (இழுவையை முன்னும் பின்னும் பிரித்துத் தரும் பெட்டி) திறந்து பாருங்க. அதுக்குள்ளே இருக்கிற ஆயில் பம்ப் ஆடி ஆடி மெக்னீசியம் கூட்டில் ஓட்டை போடும். மேல்பக்கம் என்பதால் நின்றால் சொட்டாது, ஓடும்போது எண்ணெய் வெளியே போகும். அப்கிரேட் பிளேட் விலை குறைவு.

டயர் நாலும் ஒரே சுற்றளவு. டயர் சூடேற்றுவது 2ஹையில் (பின் சக்கர இழுவை மட்டும்), பின் சக்கரம் முழுக்க நின்ற பிறகு 4ஹை. சுழலும்போது மாற்றினால் அடி நேராக முன் டிஃபரன்ஷியலுக்கு.

மண்ரோடு:
நன்றி. இதுக்குப் பதில் முன்னால் சாலிட் ஆக்ஸில் (ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே அச்சு) மாற்றிடலாமா?

ஸ்பானர்செட்:
கம்பெனி டியூனுக்கா? ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் புதிதாகக் கட்டணும். ஸ்லீவும் சப்போர்ட்டும் போட்டு ஓட்டுங்க. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டை ராடின் ஜாம் நட்டில் (பூட்டு நட்) நீங்க போட்ட பெயின்ட் கோடு நகர்ந்திருக்கா, சிவி பூட்டில் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) கிரீஸ் தெறிச்சிருக்கான்னு பாருங்க.