கைக்குழந்தையோடு கனடா: குளிரில் போவதா, விட்டுவிடுவதா?

மருதமலை நிழல்
எங்கள் மூவருக்கும் கனடா பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கிடைத்துவிட்டது. மார்ச் இறுதிக்குள் போய் இறங்கியாக வேண்டும். மகளுக்கு இந்த நவம்பரோடு ஆறு மாதம் நிறைகிறது. டொரண்டோவில் இறங்கி வேலை தேட வேண்டும். இருவருக்கும் இன்னும் எதுவும் உறுதியாகவில்லை. கணவர் டிசம்பரிலேயே கிளம்பலாம் என்கிறார். அம்மாவோ, பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஆள் துணையில்லாமல் என்ன செய்வாய் என்று தினமும் கேட்கிறார். அனுபவப்பட்டவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்.

ஸ்காபரோ அக்கா
வாருங்கள் தங்கச்சி, மூன்று பேரும் சேர்ந்தே வாருங்கள். டொரண்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் புதிதாக வருபவர்கள் முன்பெல்லாம் மருத்துவக் காப்பீட்டுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பயந்து நிற்க வேண்டியதில்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டாலர். குடும்ப வருமானம் குறைவென்றால் முழுத்தொகையும் வரும். தற்காலிக விசாவில் வருபவர்கள் இதற்கு 18 மாதம் காத்திருக்க வேண்டும். பி.ஆர். உள்ள நீங்கள் வந்தவுடன் விண்ணப்பிக்கலாம். எங்களைப் போன்றவர்கள் எண்பதுகளில் போருக்குத் தப்பி இங்கு வந்தபோது இதில் பாதி வசதிகூடக் கிடையாது. அப்போதும் பிள்ளைகளை வளர்த்தோம்.

பேரூர்க்காரன்
அக்காவின் பணக்கணக்கு சரி. பிள்ளையைப் பெற்றவளின் நிலைமையை யார் கணக்கில் எடுப்பது? நாங்களும் நவம்பரில்தான் போய் இறங்கினோம். மகனுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு கிடங்கில் இரவுப் பணி. குடியிருந்தது ஒற்றை அறை பேஸ்மென்ட், அதாவது வீட்டின் நிலத்தடித் தளம். விடிந்ததும் நான் வந்து படுப்பேன். பிள்ளை அழுதால் என் தூக்கம் கெடும் என்று மனைவி அவனைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து பால் கொடுப்பாள். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அவள் பேசுவதற்கு ஓர் ஆள் கிடையாது. மறு ஆண்டே ஊர் திரும்பினோம். அதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை.

குழந்தைகள் காப்பகத்தை நம்பிப் போகாதீர்கள். அரசுத் திட்டத்தில் சேர்ந்த காப்பகங்களில் நாளுக்கு 22 டாலர்தான் உச்சவரம்பு என்பது உண்மை. ஆனால் 18 மாதத்துக்கு உட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு மூன்று பணியாளர்கள் இருக்க வேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம். அதனால் கைக்குழந்தைகளுக்கு இடமே குறைவு, காத்திருப்போர் பட்டியல் நீளம். முதலில் கணவர் மட்டும் போய் வேலையும் வீடும் பார்க்கட்டும். நீங்கள் கோடையில் போங்கள்.

மருதமலை நிழல்
அண்ணா, முதன்மை விண்ணப்பதாரர் நான். என் மென்பொருள் பணி அனுபவத்துக்குத்தான் பி.ஆர். தேர்வுக்கான புள்ளிகள் கிடைத்தன.

வெண்பனி
அப்படியென்றால் அந்த வழி அடைபட்டுவிட்டது. முதன்மை விண்ணப்பதாரர் இறங்காமல் குடும்பத்தில் வேறு யாரும் முன்னால் இறங்க முடியாது. மார்ச்சுக்குப் பிறகு என்ற பேச்சுக்கும் இடமில்லை. இதை விட்டுவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றால், முப்பதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் வயதுக்கான புள்ளி குறைந்துகொண்டே போகும்.

மூவரும் போய் இறங்கிவிட்டு, உடனே ஊர் திரும்பி, கோடையில் நிலையாகக் குடியேறுபவர்களும் உண்டு. ஐந்தாண்டில் 730 நாள் அங்கே இருந்தால் பி.ஆர். நிலைக்கும். ஆனால் பி.ஆர். அட்டை கனடா முகவரிக்குத்தான் வரும். அதை வாங்கி அனுப்ப நம்பகமான ஆள் வேண்டும்.

ஸ்காபரோ அக்கா
அது வீண் அலைச்சல். இரண்டு தடவை டிக்கெட், இரண்டு தடவை பிள்ளைக்குத் தூக்கம் கெடும். பிள்ளை இங்கே உங்களோடு வசித்தால்தான் உதவித்தொகையும். பேரூர்த் தம்பியின் மனைவி பட்ட பாட்டைப் படித்து மனம் கனத்தது. ஆனால் அதற்குக் காரணம் ஒற்றை அறையும் இரவுப் பணியும்தான், பிள்ளையின் வயது அல்ல. ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்காக இயர்லிஆன் என்ற இலவச மையங்கள் ஊரெங்கும் இருக்கின்றன. தாயோ தகப்பனோ பிள்ளையோடு போய் உட்காரலாம், மற்றப் பெற்றோரோடு பழகலாம். பனியிலும் நடந்து போகும் தூரத்தில் ஒன்று இருக்கிறதா என்று பார்த்து வீடு எடுங்கள்.

பொள்ளாச்சிப் பாட்டி
என் மகள் கனடாவின் கால்கரியில் இருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போய் வந்தவள் நான். உன் அம்மா தடுக்கிறார் என்று நினைக்காதே கண்ணு. பல் முளைக்கும் பிள்ளை ராத்திரி முழுக்கத் தூங்க விடாது. மாற்றித் தூக்க இன்னொரு கை வேண்டும் என்பதுதான் அவர் கவலை. அவரையும் அழைத்துக்கொண்டு போக முடியுமா என்று பார். பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் தரும் சூப்பர் விசா என்றால் ஒரே தடவையில் ஐந்தாண்டு வரை தங்கலாம். ஆனால் அழைக்கும் பிள்ளைகள் அங்கே போதிய வருமானம் காட்ட வேண்டும், மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும். புதிதாகப் போகும் உங்களால் உடனே முடியாது. சாதாரண விசிட்டர் விசாவுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடு. கிடைத்தால் பொதுவாக ஆறு மாதம் இருக்கலாம். அதற்கும் தனியாகக் காப்பீடு எடு, அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

விசா கிடைக்காவிட்டால் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

வெண்பனி
பாட்டியம்மா சொல்வதில் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் அதிகாரியின் முடிவை நம்பி மூவரின் பி.ஆரையும் காலாவதியாக விடுவதா? டிசம்பருக்குப் பதில் மார்ச் இரண்டாம் வாரம் போகலாமே. குளிர் இருக்கும், ஆனால் பகல் நீண்டிருக்கும். குழந்தைக்கும் பத்து மாதம் ஆகியிருக்கும், கூழும் சோறும் தின்னப் பழகியிருக்கும். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியை இங்கேயே போட்டுவிடலாம். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசியை ஒன்டாரியோ பள்ளிகள் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு வயதானதும் அங்கே மறுபடி போட வேண்டும். தடுப்பூசி அட்டையை மட்டும் பத்திரமாகக் கைப்பையில் வையுங்கள்.

கார் இருக்கை இங்கிருந்து வாங்கிப் போகாதீர்கள். மேப்பிள் இலை போட்ட கனடா பாதுகாப்பு முத்திரை இல்லாத இருக்கையை அங்கே பயன்படுத்தக் கூடாது.

பேரூர்க்காரன்
மார்ச் என்றால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன். சகோதரி, புள்ளி வாங்கிக் கொடுத்தது உங்கள் தொழில். அங்கே போனதும் என்ன நடக்கும்? குழந்தை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று உங்களை வீட்டில் விட்டுவிட்டு, கணவர் கிடைத்த கூலி வேலைக்கு ஓடுவார். இரண்டு ஆண்டு போனால் உங்கள் தொழிலும் துருப்பிடிக்கும், அவருக்கும் முதுகு போகும். என் மனைவியும் படித்தவள்தான். என்னைவிட அவளுக்கே அங்கே நல்ல வேலைவாய்ப்பு இருந்தது, ஆனால் அதை அப்போது எங்களிடம் சொல்ல ஒருவரும் இல்லை. யார் வேலை தேடுவது, யார் பிள்ளையைப் பார்ப்பது என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பேசி முடியுங்கள். கணவர் வீட்டில் இருந்து மகளைப் பார்க்கச் சம்மதித்தால் போங்கள். இல்லையென்றால் நான் இப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஸ்காபரோ அக்கா
தம்பி, இதில் நான் உங்கள் பக்கம். பாட்டியம்மாவோடுதான் எனக்கு வழக்கு: அம்மம்மா வந்தால் பெரும் உதவி, வராவிட்டாலும் தகப்பன் இருக்கிறார் அல்லவா?

பொள்ளாச்சிப் பாட்டி
தகப்பன் பார்ப்பார் என்றால் சரிதான். ஆனால் ஊரில் இருக்கும்போதே அவர் பழக வேண்டும். குளிப்பாட்டவும் சோறூட்டவும் தெரியாதவரை நம்பிக் கடல் தாண்டக் கூடாது.

மருதமலை நிழல்
எல்லாவற்றையும் கணவரிடம் படித்துக் காட்டினேன். அண்ணா எழுதியதை இரண்டாம் முறை அவரே வாங்கிப் படித்தார். நான் வேலை தேடுவது, அவர் முதல் ஆண்டு மகளோடு இருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். டிக்கெட் மார்ச் இரண்டாம் வாரத்துக்குப் பார்க்கிறோம். அம்மாவின் விசா விண்ணப்பத்தை இந்த வாரமே தொடங்குகிறேன். நாளையிலிருந்து மகளின் காலைக் குளியல் கணவர் பொறுப்பு. அம்மா பக்கத்தில் நின்று சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அக்கா, இயர்லிஆன் மையத்துக்கு அருகில் பேஸ்மென்ட் அல்லாத ஓரறை வீடு டொரண்டோவின் ஸ்காபரோவில் எந்தப் பகுதியில் கட்டுப்படியான வாடகைக்குக் கிடைக்கும்?