கூகி ஆங்கிலத்தில் 'ஒரு வரிகூட' எழுதவில்லையா?

ஒற்றைப்பனை:
கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ பற்றிக் கரிசல்மணி நேற்றுப் போட்ட அஞ்சலியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "1977-க்குப் பிறகு கூகி ஆங்கிலத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை, தாய்மொழிப் பற்று என்றால் அது!" என்று முடித்திருக்கிறார். கீழே கைதட்டல் வேறு. சரி, கணக்குப் பார்ப்போம். சிறைக் குறிப்புகளான 'டீட்டெய்ன்ட்' 1981-ல் வந்தது, ஆங்கிலத்தில். ஆங்கிலத்துக்கு விடைகொடுக்கிறேன் என்று அவர் அறிவித்த 'டீகாலனைசிங் த மைண்ட்', 1986, அதுவும் ஆங்கிலம்தான். 2010, 2012, 2016 என்று மூன்று தன்வரலாற்று நூல்கள். மூன்றும் ஆங்கிலம். இதெல்லாம் எத்தனை வரி வரும் ஐயா?

கரிசல்மணி:
வந்துவிட்டார் கணக்குப்பிள்ளை. செத்தவருக்கு அஞ்சலி எழுதினால் அதிலும் தணிக்கை. நான் சொன்னது படைப்பைப் பற்றி. 'வீப் நாட், சைல்ட்' 1964, 'எ கிரெய்ன் ஆஃப் வீட்' 1967, 'பெடல்ஸ் ஆஃப் பிளட்' 1977. இந்த ஆங்கில நாவல்களால் உலகப் பெயர் வாங்கியவர். அதே 1977-ல் கமிரீதூ கிராமத்து ஆட்களோடு தன் தாய்மொழியான கிகூயுவில் ஒரு நாடகம் போட்டார். அக்டோபரில் அரங்கேற்றம், நவம்பரில் தடை, டிசம்பர் கடைசியில் கைது. விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் கமீட்டி என்கிற ஊர்ச் சிறை. அங்கே கழிப்பறைத் தாளில் கிகூயு மொழியில் நாவல் எழுதினார். இது கண்ணில் படவில்லை, 'ஒரு வரி'தான் படுகிறது.

ஒற்றைப்பனை:
நீங்கள் எழுதியது 'ஒரு வரிகூட'. 'ஒரு நாவல்கூட' என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

சுடுகாப்பி:
நீங்களாவது, வாயைத் திறக்காமலாவது.

நூலகவாசி:
அந்தத் தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கைதிகளுக்குத் தண்டனையாக இருக்கட்டும் என்றே கொடுத்த முரட்டுத் தாள் அது. உடம்புக்கு ஆகாதது பேனாவுக்கு ஆகிவந்தது என்கிற மாதிரி அவரே எழுதியிருக்கிறார். தெரியாத கிகூயுச் சொல்லையும் பழமொழியையும் காவலர்களிடமே பேச்சுக் கொடுத்துக் கறந்திருக்கிறார். நடுவில் சோதனை போட்டு மொத்தக் கட்டையும் அள்ளிக்கொண்டு போனார்கள்; பிறகு ஒரு நாள் திரும்பக் கிடைத்தது. 1980-ல் புத்தகமாக வந்ததும் மதுக்கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். கதை சூடுபிடிக்கும் இடமாகப் பார்த்துப் படிப்பவர் நிறுத்திவிடுவார். கோப்பை காலியாகியிருக்கும். நிரப்பினால்தான் அடுத்த வரி! நைரோபிப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையையே எடுத்துவிட வேண்டும் என்று 1968-ல் எழுதிக் கொடுத்தவருக்கு இதைவிட என்ன பரிசு வேண்டும்?

ஒற்றைப்பனை:
அருமை அக்கா. ஆனால் அந்த நாவலை 1982-ல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனது யார்? அவரேதான். 'விசர்ட் ஆஃப் த க்ரோ', 2006, எழுநூறு பக்கத்துக்கு மேல், அதையும் அவரே மொழிபெயர்த்தார். எழுநூறு பக்கமும் 'ஒரு வரிகூட' கணக்கில் வராதோ?

கரிசல்மணி:
மொழிபெயர்ப்பு எழுத்தாகுமா? மூலம் கிகூயு. அதைத்தானே சொல்கிறேன்.

ஒற்றைப்பனை:
போன ஆடி மாதம் இதே இடத்தில், "மொழிபெயர்ப்பும் எழுத்துதான், மொழிபெயர்ப்பாளனும் எழுத்தாளன்தான்" என்று என்னோடு நாலு நாள் மல்லுக்கட்டியது யார்? நீங்களா, உங்கள் பெயரில் வேறு யாராவதா?

கரிசல்மணி:
அது வேறு சந்தர்ப்பம்.

சுடுகாப்பி:
ஆடியில் ஒன்று, ஆவணியில் ஒன்று.

மேற்குமலை:
முதலில் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள், அப்புறம் வரியை எண்ணலாம். கிகூயுவை எழுதும் ரோமன் எழுத்தில் குறி போட்ட 'யு' (ũ) நம் ஓகாரத்துக்குக் கிட்டே. குறி போட்ட 'ஐ' (ĩ) ஏகாரத்துக்குக் கிட்டே. ஆக அவர் கூகி இல்லை, கிட்டத்தட்ட 'ங்கோகே'. தியாங்கோவும் தப்பு. அதில் ககரமே கிடையாது, வெறும் 'ங'. நம்மிடம் 'ங' சும்மா கிடக்கிறது, அரிச்சுவடியைத் தாண்டி வெளியே விடுவதில்லை.

கரிசல்மணி:
தமிழில் எல்லோரும் 'கூகி' என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். நீங்கள் ங்கோகே, ஙீங்கே என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

மேற்குமலை:
ஜேம்ஸ் என்ற ஞானஸ்நானப் பெயரையே உதறியவர் அவர். அவர் பெயரை ஆங்கிலக்காரன் வாய்க்கு வந்தபடி சொல்வதுதான் உங்கள் தாய்மொழிப் பற்றா?

ஒற்றைப்பனை:
பெயரை விடுங்கள். வரிக்கு வாருங்கள். 1977-க்குப் பிறகு, ஆங்கிலத்தில், ஒரு வரி. உண்டா இல்லையா?

தென்றல்வீதி:
எனக்கு இந்த மொத்தப் புனிதமே ஒப்பவில்லை. நைஜீரிய நாவலாசிரியர் அச்சேபே ஆங்கிலத்தை விடவில்லை. அதை ஆப்பிரிக்க அனுபவத்துக்கு ஏற்ப வளைத்து எழுதினார். அவர் என்ன குறைந்துபோனார்? சான்சிபாரில் பிறந்த குர்னாவுக்கு ஸ்வாஹிலி தாய்மொழி, எழுதியது ஆங்கிலம், 2021-ல் நோபல். கூகிக்கு வருடா வருடம் அக்டோபரில் பேச்சு அடிபட்டதோடு சரி.

கரிசல்மணி:
நோபல்தான் தராசு என்றால் டால்ஸ்டாயையும் தூக்கிப் போடுங்கள்.

தென்றல்வீதி:
தராசு என்று நான் எங்கே சொன்னேன்?

கரிசல்மணி:
சொல்லாமல் சொன்னீர்கள்.

நூலகவாசி:
1962-ல் உகாண்டாவின் மகெரெரே பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு நடந்தபோது கூகி அங்கே மாணவர். கையெழுத்துப் பிரதியை அச்சேபேயிடம் படிக்கக் கொடுத்ததும் அங்கேதான். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு என்றே கூட்டிய மாநாடு. தாய்மொழியில் எழுதியவர்களுக்கு அதில் இடமில்லையே என்று பின்னாளில் கேட்டவரும் இவர்தான். அப்படி ஒருவர் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒரே ராத்திரியில் ஒன்றும் நடக்கவில்லை. 1994-ல் கிகூயு மொழியிலேயே இதழ் தொடங்கினார். குழந்தைகளுக்கும் அந்த மொழியில் கதை எழுதினார்.

ஒற்றைப்பனை:
அக்கா, நீங்கள் சொல்வதும் என் கட்சிதான். 'மெல்ல மெல்ல' என்றால் 'ஒரு வரிகூட' இல்லை என்று ஆகாது அல்லவா?

நூலகவாசி:
நான் யார் கட்சியும் இல்லை. என்னை விடுங்கள்.

சுடுகாப்பி:
'மத்திகாரி' கதை யாருக்காவது தெரியுமா? 1986-ல் வந்த கிகூயு நாவல். மத்திகாரி என்று ஒருவன் ஊர் ஊராகப் போய் உண்மையும் நீதியும் எங்கே என்று கேட்கிறானாம் என்று ஜனங்கள் பேச, அரசாங்கம் அவனைப் பிடிக்க ஆள் அனுப்பியது. கதாபாத்திரம் என்று தெரிந்ததும் புத்தகத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒற்றைப்பனை அண்ணன் அங்கே இருந்திருந்தால் அவனையும் நிறுத்தி வரிக்கணக்குக் கேட்டிருப்பார்.

ஒற்றைப்பனை:
சிரித்தாயிற்றா? கேள்வி அப்படியே நிற்கிறது.

கரிசல்மணி:
நாவல் என்றால் நாவல். 1977-க்குப் பிறகு நேரடியாக ஆங்கிலத்தில் அவர் எழுதிய ஒரே ஒரு நாவலைக் காட்டுங்கள், நான் கணக்கை மூடிவிட்டுப் போகிறேன்.

ஒற்றைப்பனை:
நாவலைக் காட்டச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதிய வரியைத்தான் நான் காட்டுகிறேன். கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்தவர் வகுப்பில் எந்த மொழியில் பேசியிருப்பார், கிகூயுவிலா?

கரிசல்மணி:
இப்போது பேச்சுக்கே போய்விட்டார்! நாளை தூக்கத்தில் ஆங்கிலத்தில் உளறினார் என்பார். 1982-லிருந்து நாடு கடந்து வாழ்ந்தவர், 2004-ல் ஊர் திரும்பியபோது தங்கிய இடத்திலேயே தாக்கப்பட்டவர். அப்படிப்பட்டவர் பிழைக்க வேண்டாமா?

ஒற்றைப்பனை:
பிழைக்கட்டும், நானா வேண்டாம் என்றேன்? உண்மையும் பிழைக்கட்டும். அப்புறம், இவ்வளவு பேசுகிறீர்களே, 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று தமிழில் வந்ததே அந்தச் சிறை நாவல், என் பிரதியை வாங்கிப்போய் மூன்று வருடம் ஆகிறது. முதல் நாற்பது பக்கமாவது தாண்டினீர்களா? திருடர்களுக்குப் போட்டி வைக்கும் இடம் வருமே, அதைப் பற்றி ஒரு சொல்கூட உங்கள் அஞ்சலியில் இல்லை.

கரிசல்மணி:
புத்தக விஷயத்தைப் பொதுவில் இழுப்பது உங்கள் தரத்தைக் காட்டுகிறது. அந்த நாவலே திருடர்களைப் பற்றியது. உங்கள் கண்ணுக்கு எல்லோரும் அப்படியே தெரிகிறார்கள்.

தென்றல்வீதி:
ஆக, படிக்கவில்லை.

கரிசல்மணி:
அதன் நாயகி வாரீங்காவைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இங்கே யாரும் தூங்க முடியாது.

மேற்குமலை:
அது வாரீங்கா இல்லை. அங்கேயும் உயிர் ஒலி—

கரிசல்மணி:
போதும் ஐயா.

ஒற்றைப்பனை:
சற்று முன் பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். சத்தமில்லாமல் திருத்தியிருக்கிறார். இப்போது "1977-க்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வரிகூட எழுதவில்லை" என்று இருக்கிறது.

கரிசல்மணி:
நடை சரியில்லை என்று திருத்தினேன். உங்களுக்காக இல்லை.

ஒற்றைப்பனை:
'ஏறக்குறைய ஒரு வரி' என்றால் எத்தனை சொல் ஐயா? முக்கால் வரியா, அரை வரியா?