ஷேர்டு கம்ப்யூட்டரை ஒருத்தர் மட்டும் ஸ்லோ ஆக்கிட்டே இருக்காரு, எப்படி சொல்றது?

நைட்ஷிஃப்ட்:

எங்க ஆபீஸ்ல ஆளுக்கொரு சிஸ்டம் கிடையாதுங்க, ஷிஃப்ட் மாறும்போது எது காலியா இருக்கோ அதுல உக்காந்து அவங்கவங்க ஐடில லாகின் பண்ணிக்கணும். எல்லாமே 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சாதாரணமா ஓரளவு நல்லாத்தான் ஓடும். ஆனா ஒரு சீனியர் இருக்காரு, அவர் உக்காந்து எழுந்த மிஷின்ல அடுத்து யார் போனாலும் எக்ஸெல் திறக்கவே அவ்ளோ நேரம் ஆகுது, டைப் பண்ணா எழுத்து அப்புறமா வருது, டாஸ்க் மேனேஜர்ல பாத்தா டிஸ்க் 100%லயே நிக்குது. வேலை முடிஞ்சதும் ஸ்கிரீனை லாக் பண்ணிட்டு அப்படியே கிளம்பிடுவாரு. குரோம்ல எண்ண முடியாத அளவுக்கு டேப், அது போக பிடிஎஃப் கன்வர்ட்டர், ஸ்பீடு பூஸ்டர்னு எதையாவது இன்ஸ்டால் பண்ணிட்டே இருப்பாரு, அட்மின் பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும்ங்கறதால தடுக்கவும் ஆள் இல்ல.

மனுஷன் ரொம்ப நல்லவரு, நான் சேந்த புதுசுல வேலை கத்துக்குடுத்ததே அவர்தான். அதனாலயே வாய் வரமாட்டேங்குது. ஆனா லேட்டாகற வேலைக்கு பேச்சு வாங்கறது அடுத்த ஷிஃப்ட் ஆளுங்க. டெக்னிக்கலா என்ன பண்ணலாம், அவர்கிட்ட எப்படி பேசலாம், ரெண்டுமே சொல்லுங்க.

ரேக்ரூம்:

முதல்ல ஒரு விஷயம், லாக் பண்றதும் சைன் அவுட் பண்றதும் ஒண்ணு இல்ல. லாக் பண்ணிட்டு போனா அவரோட செஷன் உயிரோடத்தான் இருக்கும், நீங்க ஸ்விட்ச் யூசர் போட்டு உங்க ஐடில உள்ள வந்தாலும் அவர் திறந்து வெச்ச குரோம், எக்ஸெல், ஒன்டிரைவ் சிங்க் (ஃபைலை நெட்ல ஏத்தி எல்லா மிஷின்லயும் ஒண்ணா வெச்சிருக்கறது) எல்லாம் பின்னாடி ஓடிட்டே இருக்கும். 8 ஜிபி அப்படித்தான் ரொம்பிடுது. ரேம் ரொம்பினதும் விண்டோஸ் அதுல இருக்கறதை ஹார்ட் டிஸ்க்ல பேஜ் ஃபைல்ங்கற தற்காலிக இடத்துக்கு தள்ளும், திரும்ப எடுக்கும், மறுபடியும் தள்ளும். சுத்தற ஹார்ட் டிஸ்க்கால அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாது. டிஸ்க் 100%ல நிக்கறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணமா இருக்கும், ஆனா ஊகத்துல பேச வேண்டாம், பாத்துடுங்க.

கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல யூசர்ஸ்னு ஒரு டேப் இருக்கு. யார் யார் ஐடி உள்ள இருக்கு, ஒவ்வொருத்தரும் எவ்ளோ மெமரி, சிபியு, டிஸ்க் எடுக்கறாங்கன்னு தனித்தனியா காட்டும். அதைப் பாத்தப்புறம்தான் அவர்மேல சொல்லணும். சில சமயம் வில்லன் விண்டோஸ் அப்டேட்டாவோ ஆன்டிவைரஸ் ஸ்கேனாவோ இருக்கும், அநியாயமா ஒரு மனுஷன் தலையில பழி விழுந்துடும்.

அங்கயே ரைட் க்ளிக் பண்ணி அட்மினா அவரை சைன் ஆஃப் பண்ணவும் முடியும். ஆனா அவரைக் கேக்காம பண்ணிடாதீங்க, சேவ் பண்ணாத ஃபைல் இருந்தா போச்சு.

பூஸ்டர் சமாச்சாரம் எல்லாத்தையும் தூக்குங்க. பின்னாடி உக்காந்துகிட்டு எப்பவும் எதையாவது ஸ்கேன் பண்ணிட்டு இருக்கறதுதான் அதோட வேலை, அதுக்கும் ரேம் வேணுமே. ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டிருந்தா ஒண்ணை எடுத்துடுங்க, ஒரு ஃபைலைத் திறந்தா ரெண்டும் சேந்து பாயும்.

நேர்வழி:

இதுல என்னங்க தயக்கம், மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்க, ஸ்கிரீன்ஷாட் வெச்சு. ஒருத்தருக்காக எல்லாரும் அவஸ்தைப்படணுமா. நல்லவரா இருக்கறது வேற, ஆபீஸ் மிஷின்ல கண்டதை இன்ஸ்டால் பண்றது வேற, அதுல வைரஸ் வந்தா யார் பொறுப்பு?

அக்கவுண்ட்ஸ்அக்கா:

நேர்வழி, நீங்க சொல்ற பாதுகாப்பு விஷயம் சரிதான், இன்ஸ்டால் பண்றதை நிறுத்தியே ஆகணும். ஆனா முதல் அடியே மெயிலா இருந்தா அவருக்கு காரணம் தெரியறதுக்கு முன்னாடியே அவமானம் தெரிஞ்சுடும், அப்புறம் நல்லது சொன்னாலும் காதுல ஏறாது. ஆபீஸ் வாட்சப் க்ரூப்ல "சிலர் சைன் அவுட் பண்றதில்லை"ன்னு பொதுவா போடறதும் வேண்டாம் தம்பி, யாரைச் சொல்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அது நேரா சொல்றதை விட மோசமா வலிக்கும்.

அவர் ஏன் டேப் எல்லாம் திறந்தே வெச்சிருக்காருன்னு யோசிச்சீங்களா? எங்க பிரிவுல இதே மாதிரி ஒருத்தர் இருந்தாரு. பேசிப் பாத்தா விஷயம் ரொம்ப சாதாரணம், மூடினா மறுநாள் எந்த பேஜ்ல விட்டோம்னு தேடணுமேங்கற பயம். குரோம் செட்டிங்ஸ்ல ஸ்டார்ட்டப்ல, விட்ட இடத்துலேருந்து தொடரணும்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணிக் குடுத்தோம், சைன் அவுட் பண்ணிட்டுப் போனாலும் மறுநாள் அதே டேப் எல்லாம் வந்துடுச்சு. அப்புறம் தானாவே சைன் அவுட் பண்ண ஆரம்பிச்சாரு, யாரும் அதட்டல.

அதனால டீ குடிக்கப் போற நேரத்துல தனியா கூப்ட்டு, "அண்ணே, மிஷின் ஏன் இழுக்குதுன்னு பாத்தேன், உங்க ஐடி உள்ளயே ஓடிட்டு இருக்குண்ணே, டேப் போகாம சைன் அவுட் பண்ண ஒரு வழி இருக்கு, காட்டவா?"ன்னு கேளுங்க. மிஷினைப் பத்திப் பேசுங்க, அவரைப் பத்திப் பேசாதீங்க. முடிஞ்சா யூசர்ஸ் டேப்பை அவர் கண்ணாலயே பாக்க விடுங்க, அந்த நம்பர் சொல்றதை நீங்க சொல்லத் தேவையே இருக்காது. இன்னொண்ணு, அவர் என்ன சைட் பாக்கறாருன்னு மட்டும் நோண்டாதீங்க. எவ்ளோ மெமரி போகுதுங்கறது உங்க பிரச்சினை, என்ன பாக்கறாருங்கறது இல்ல. அதுல கை வெச்சா நியாயம் அவர் பக்கம் போயிடும்.

பேசியும் நடக்கலேன்னா அப்ப மேனேஜர். அப்பவும் அவர் பேரை எடுக்காம, அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க, ஷிஃப்ட் முடிஞ்சா சைன் அவுட் கட்டாயம்னு பொது விதியா வைங்கன்னு கேளுங்க.

ரேக்ரூம்:

அக்கா சொன்ன பொது விதிதான் நிலைச்சு நிக்கும். எல்லாருக்கும் ஸ்டாண்டர்டு யூசர் அக்கவுண்ட் (அட்மின் உரிமை இல்லாத ஐடி), அட்மின் பாஸ்வேர்டு ஒரே ஒரு பொறுப்பாளர்கிட்ட. இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, சில சாஃப்ட்வேர் அட்மின் கேக்காம யூசரோட சொந்த ஃபோல்டர்லயே இன்ஸ்டால் ஆகிடும், குரோம் எக்ஸ்டென்ஷனும் அப்படித்தான். ஆனா பெரும்பாலான குப்பை நின்னுடும்.

விண்டோஸ் ப்ரோ வெர்ஷனா இருந்தா க்ரூப் பாலிசிங்கற செட்டிங்ஸ்ல ஃபாஸ்ட் யூசர் ஸ்விட்சிங்கை, அதாவது ஒருத்தர் சைன் அவுட் பண்ணாமலே அடுத்தவர் உள்ள வர்ற வசதியை, மறைக்க முடியும். எல்லாருக்கும் சைன் அவுட் பழகினப்புறம் மட்டும் இதைப் பண்ணுங்க, இல்லேன்னா யாராவது லாக் பண்ணிட்டுப் போயிட்டா அடுத்தவர் உள்ள நுழையறதே சிக்கலாகிடும்.

அப்புறம் விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. கண்டதை இன்ஸ்டால் பண்ற பழக்கமும் அப்டேட் வராத விண்டோஸும் ஒரே மிஷின்ல இருக்கறது எனக்கு ஸ்லோவை விடப் பெரிய கவலை. மேனேஜர்கிட்ட போனா இதையும் சேத்து சொல்லுங்க, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி (சுத்தாத, வேகமான டிஸ்க்) போடவும் கேளுங்க, பழைய மிஷினுக்கு அந்த ஒரு மாத்தத்துலதான் வித்தியாசம் கண்ணுல தெரியும்.

நைட்ஷிஃப்ட்:

எல்லாருக்கும் நன்றிங்க. யூசர்ஸ் டேப் பாத்தேன், நான் உள்ள இருக்கும்போதே அவர் செஷன் ரேம்ல பாதிக்கு மேல எடுத்திருந்தது. இன்னிக்கு அவரைக் கூப்ட்டு காட்டினேன். கோபமே படல, "லாக் பண்ணா எல்லாம் நின்னுடும்னுல்ல நெனச்சேன்"னாரு. குரோம் ஆப்ஷனை அவரே ஆன் பண்ணாரு, பூஸ்டரையும் எடுத்தாச்சு. ஆனா ரெண்டு சந்தேகம் பாக்கி. ஒரு மிஷினை ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணாலும் இன்னும் இழுக்குது. சி டிரைவ்ல வேற இடம் ரொம்பிடுச்சுன்னு செவப்பு கோடு, அவர் டெஸ்க்டாப் முழுக்க வீடியோவும் ஜிப் ஃபைலும். அதை நான் அழிக்கலாமா?

ரேக்ரூம்:

ஷட் டவுன் பத்தாது, ரீஸ்டார்ட் குடுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட் டவுன்ல விண்டோஸோட உள்பகுதியை டிஸ்க்ல சேமிச்சு வெச்சு மறுபடி அதையே தூக்கிட்டு வரும், டிரைவர்ல (பிரின்டர் மாதிரி கருவிகளை இயக்கற சாஃப்ட்வேர்) கோளாறு இருந்தா அதுவும் கூடவே வரும். ரீஸ்டார்ட்லதான் எல்லாம் புதுசா ஆரம்பிக்கும். அதுக்கப்புறமும் இழுத்தா டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்டப் டேப் பாருங்க, அவர் போட்ட கன்வர்ட்டர் ஏதாவது எல்லார் ஐடிலயும் தானா கிளம்பிட்டு இருக்கலாம். குரோம் செட்டிங்ஸ்ல சிஸ்டம் பகுதிலயும், மூடினப்புறமும் பின்னணியில ஓடறதுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதையும் ஆஃப் பண்ணுங்க.

டெஸ்க்டாப் ஃபைலை நீங்க தொடாதீங்க. டெஸ்க்டாப்னு தெரியறது சி டிரைவ்ல யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ளதான் இருக்கு, அதனாலதான் சி ரொம்புது. அவர் உக்காந்திருக்கும்போதே டி டிரைவ்ல அவர் பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டுக் குடுங்க, எது வேணும் எது வேண்டாம்னு அவரே நகர்த்தட்டும். ஒன்டிரைவ் சிங்க்ல அந்த டெஸ்க்டாப்பும் சேந்திருக்கான்னு மட்டும் முதல்ல பாத்துடுங்க, சேந்திருந்தா இங்க அழிக்கறது அவரோட மத்த மிஷின்லயும் அழிஞ்சுடும்.