முதல் 4×5 கேமரா: பெங்களூரு நண்பர்களிடம் சில கேள்விகள்

வணக்கம். 4×5 அங்குல ஃபிலிம் தாளில் எடுக்கும் கேமரா, லென்ஸ், தாளைப் போட்டுச் செருகும் நாலு ஹோல்டர் எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய்க்குள் முடிக்கப் பார்க்கிறேன். மடக்கும் மரக் கேமராவா, ஒற்றைத் தண்டின் மேல் நகரும் பழைய மோனோரெயில் கேமராவா? எடுக்கப்போவது பெரும்பாலும் கட்டடங்கள். அதற்கு ரைஸ், ஷிஃப்ட் (லென்ஸை மேலேயும் பக்கவாட்டிலும் நகர்த்துவது) தாராளமாகத் தருவது மோனோரெயில்தான். ஆனால் அதைச் சுமந்துகொண்டு நம்ம மெட்ரோவில் ஏற வேண்டுமே!

லென்ஸ் 150 மி.மீ. என்று முடிவு. நெகட்டிவின் மூலைவிட்டமே சுமார் 153 மி.மீ. வரும் என்பதால் இதுதான் இயல்பான கோணம். பழைய டெசார் வகை லென்ஸ் மலிவு, ஆனால் அது ஃபிலிமில் விழவைக்கும் பட வட்டம் சிறியது, கொஞ்சம் ரைஸ் கொடுத்தாலே மூலை கறுக்கும். சிம்மார்-எஸ் 5.6 லென்ஸ் என்றால் எஃப்/22இல் 210 மி.மீ. வட்டம். பழைய ஷட்டரில் 1 நொடி இழுத்துக்கொண்டே போனால் கிரீஸ் இறுகிவிட்டது என்று அர்த்தம்; அதைப் பிரித்துச் சுத்தம் செய்பவர் இங்கே யாராவது உண்டா?

லென்ஸைப் பொருத்தும் பலகையான லென்ஸ் போர்டை பீன்யாவில் ஏதாவது லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். கோப்பால் (Copal) 0 அளவு ஷட்டருக்கு 34.6 மி.மீ. துளை. அலுமினியம் எத்தனை மி.மீ. போட்டீர்கள்?

பெல்லோஸில் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவிலுள்ள மடிப்புத் துருத்தி) ஓட்டை இருக்கிறதா என்று இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டேன்.

பழகுவதற்கு எக்ஸ்ரே ஃபிலிம் போதும். பச்சை ஒளிக்கு உணர்வுள்ள 8×10 தாளைச் சிவப்பு விளக்கில் நாலாக வெட்டலாம். இருபக்கமும் எமல்ஷன் (ஒளியுணர் பூச்சு) என்பதால் கழுவும் ட்ரேயில் கீறல் விழும். அடியில் கண்ணாடி வைத்தால் குறைகிறதா? சின்னப் பெட்டியாக எங்கே கிடைக்கும்?